தொப்பிக்குள் வந்த மைனாக் குஞ்சு

 

பங்குனி பிறந்துவிட்டால் நம் தாம்பரம் பக்கத்தில் ஒரு கேள்வி வர ஆரம்பிக்கும். சேலையூரிலிருந்து வரும், குரோம்பேட்டையிலிருந்து வரும், முடிச்சூரிலிருந்து வரும். "ஹஜ்ரத், வாசலில் ஒரு குருவிக் குஞ்சு விழுந்து கிடக்கிறது, என்ன செய்வது?" பெரியவர்கள் போனில் போட்டோ அனுப்பிக் கேட்பார்கள். பிள்ளைகள் நேராகக் கையோடு கொண்டு வந்துவிடுவார்கள். மிம்பரில் பேச இதுவா விஷயம் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மே மாதம். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மக்தப் மாணவன் ஒருவன், எட்டு வயது இருக்கும், தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ பொத்திக்கொண்டு ஓடி வந்தான். மைனாக் குஞ்சு. உடம்பு முழுக்க இறகு முளைத்திருந்தது. வால் மட்டும் குட்டை. அலகின் ஓரத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை. வேப்ப மரத்தடியில் கிடந்ததாம். நான் பையனின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "மாஷா அல்லாஹ், ஓர் உயிரைக் காப்பாற்றினாய்" என்றேன். என் அறைக்குக் கொண்டுபோய் அட்டைப் பெட்டியில் வைத்தேன். அது வாயைத் திறந்து திறந்து கத்தியது. தாகம் போலிருக்கிறது என்று நினைத்து, மருந்து பாட்டிலோடு வரும் ஃபில்லரால் தண்ணீர் விட்டேன். பிறகு பாலில் பிரட்டை ஊறவைத்து ஊட்டினேன். மஃரிப் தொழுவித்துவிட்டு வந்து பார்த்தால் தலை சாய்ந்திருந்தது. இஷாவுக்கு முன்பே உயிர் போய்விட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று அஸரிலிருந்து மஃரிப் வரை, என் ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் இரண்டு மைனாக்கள் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தன. மைனா எப்போதும் கத்துகிற பறவைதானே என்று நான் ஜன்னலைச் சாத்தினேன்.

நம் ஜமாஅத்தில் தொழுகிற கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் அவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பறவையின் மூச்சுக்குழல் வாய்க்குள் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குப் போய்விடும். குஞ்சுக்குத் தேவையான ஈரம் தாய் கொண்டுவரும் புழு, பூச்சியிலேயே இருக்கிறது. பறவை பால் குடிக்கப் படைக்கப்பட்ட உயிர் இல்லை, அதற்குப் பால் செரிக்காது. "எல்லாவற்றையும் விட, ஹஜ்ரத், அது அநாதைக் குஞ்சே இல்லை. பறக்கப் பழகிக்கொண்டிருந்த குஞ்சு" என்றார்.

அன்றிலிருந்து என்னை உறுத்துகிற கேள்வி இதுதான்: நான் செய்தது இரக்கமா, அநியாயமா?

செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனப்பாடம். என் நிய்யத் நல்லது என்று சொல்லி நான் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் பார்க்கப் புகுந்து அதனால் கேடு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா மூன்றிலும் அது வருகிறது. அந்த வைத்தியர் கெட்ட எண்ணத்தோடு மருந்து கொடுத்தாரா என்ற கேள்வியே அதில் இல்லை. பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார். ஆனாலும் பொறுப்பு அவர்மீதுதான். நோயாளிக்கு உயிர்தான் முக்கியம். வைத்தியரின் எண்ணம் அவனுக்கு மருந்தாகாது. என் கையில் இருந்த மைனாவுக்கும் அப்படித்தான். ஆகிரத்தில் என் நிய்யத்தை அல்லாஹ் பார்ப்பான், அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. ஆனால் தெரிந்துகொள்ளாமல் கை வைத்ததற்கும் அங்கே ஒரு கணக்கு இருக்கும் என்றே நான் பயப்படுகிறேன்.

இப்போது அபூதாவூதில் வரும் அந்தப் புகழ்பெற்ற சம்பவத்தைப் பாருங்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தேவைக்காகச் சற்று ஒதுங்கிப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் ஸஹாபாக்கள், ஹும்மரா என்ற சிறு குருவி ஒன்றை இரண்டு குஞ்சுகளோடு பார்த்தார்கள். குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்க்குருவி வந்து சிறகை விரித்துத் தவித்தது. திரும்பி வந்த நபியவர்கள், பிள்ளைகளை எடுத்து இந்தத் தாயைத் துயரப்படுத்தியது யார் என்று கேட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள்.

இந்த ஹதீஸை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மைனா செத்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குஞ்சுகளை என்ன செய்தீர்கள் என்று நபியவர்கள் கேட்கவில்லை. குஞ்சுகளுக்கு அடிபட்டதாகவோ பசித்ததாகவோ ஹதீஸில் ஒரு வார்த்தையும் இல்லை. எடுத்தவர்கள் யார்? ஸஹாபாக்கள். கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அவர்கள் கையில் குஞ்சுகள் பத்திரமாகவே இருந்திருக்கலாம். நபியவர்களின் பார்வை தாயின் மேல் போயிற்று. நான் என் கையில் இருந்த குஞ்சைத்தான் பார்த்தேன். மதில்மேல் இருந்த தாயைப் பார்க்கவில்லை. கேட்கக்கூட இல்லை, ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆகவே உங்கள் வாசலில் ஒரு குஞ்சைக் கண்டால், குனிவதற்கு முன் நிமிர்ந்து பாருங்கள். மரத்தில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், கேபிள் ஒயரில் பாருங்கள். அநேகமாக அங்கே யாரோ இருப்பார்கள்.

மைனா, சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, காகம், எல்லாவற்றிலும் வழக்கம் இதுதான். குஞ்சு நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். சில நாட்கள், சில இனங்களில் அதற்கும் மேல், தரையிலும் செடியிலும் தத்தித் தத்தித் திரியும். அந்த நாட்களில் தாயும் தகப்பனும் அதை விடுவதில்லை. இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன, குரல் கொடுத்து நடத்துகின்றன, ஆபத்து வந்தால் எச்சரிக்கின்றன. நம் பிள்ளைகள் சைக்கிள் பழகும்போது விழுவதைப் போலத்தான் இதுவும். தெருவில் விழுந்த பையனை யாரோ ஒருவர் அநாதை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? நாம் செய்கிற உதவி அந்த லட்சணத்தில் இருக்கிறது.

அடையாளம் கஷ்டமில்லை. இறகு மூடியிருந்தால், விரலை நீட்டினால் பிடித்து நிற்க முடிந்தால், தத்தி ஓடினால், அது பழகுகிற குஞ்சு. தூர விலகுங்கள். பத்தடி தள்ளி நின்று பார்ப்பது விலகுவது ஆகாது. நீங்கள் நிற்கும்வரை தாய் இறங்காது. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கவனியுங்கள். நடுரோட்டில் இருந்தால், அல்லது நாய் நடமாட்டம் இருந்தால், எடுத்துப் பக்கத்துச் செடியிலோ தாழ்ந்த கிளையிலோ வையுங்கள். அதே இடத்துக்கு அருகில், தாயின் குரல் எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும்.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் பாட்டிமார் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அது உண்மை இல்லை. பறவை தன் குஞ்சைக் குரலாலும் பார்வையாலும் இடத்தாலும் அறிகிறது; உங்கள் கைவாசனைக்காகப் பிள்ளையைக் கைவிடாது. இந்தத் தவறான நம்பிக்கையால் எத்தனை குஞ்சுகள் திருப்பி வைக்கப்படாமல் செத்தனவோ!

இறகே இல்லாமல் சிவந்த தோலோடு, கண் மூடிய நிலையில் கிடந்தால் அது வேறு கதை. அது உண்மையிலேயே கூட்டிலிருந்து விழுந்தது. கூடு தெரிந்து, ஏணி எட்டினால் திருப்பி வையுங்கள். கூடு கலைந்து போயிருந்தால், தேங்காய் நாரோ காய்ந்த புல்லோ போட்ட சின்னக் கூடையை அதே மரத்தில் கட்டி, அதில் வையுங்கள். மழைத் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருக்கட்டும். பெரும்பாலும் தாய் அங்கே வந்து ஊட்டும்.

இரத்தம் இருந்தாலோ, சிறகு தொங்கினாலோ, தாய் வரவே இல்லை என்று நிச்சயமானாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பூனை கவ்வியதென்றால், காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் தாமதிக்காதீர்கள். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, உள்ளே பழைய துணி, மூடிய இருட்டு, அமைதி. சோறு, தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். போட்டோ எடுக்க வேண்டாம், பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்கவும் வேண்டாம். வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் இருக்கிறது. 1959இல் தொடங்கிய அமைப்பு அது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வனத்துறைக்கும் சொல்லலாம். ஆந்தைக் குஞ்சு என்றால் வெறுங்கையால் தொடாமல், துண்டைப் போட்டு எடுங்கள், நகம் கிழித்துவிடும். ஆந்தையைப் பார்த்துப் பயப்பட மட்டும் வேண்டாம். அதில் சகுனம் எதுவும் இல்லை என்று நபியவர்கள் எப்போதோ அறிவித்துவிட்டார்கள்.

சகுனம் என்றதும் காகம் ஞாபகம் வருகிறது. சித்திரை, வைகாசியில் தெருவில் நடந்து போகும்போது காகம் தலையில் அடித்துவிட்டுப் போகும். சனி பிடித்துவிட்டது என்று பயந்து போகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள், வெட்கத்தோடு சொல்கிறேன். சகோதரரே, அடுத்த முறை அடி வாங்கினால் அந்த மரத்தடியைப் பாருங்கள். அங்கே ஒரு குஞ்சு இருக்கும். உங்களைப் பார்த்து ஒரு தாய் பயந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு இளைஞர் கேட்டார்: "காகத்தை இஹ்ராமில்கூடக் கொல்லலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே, அதன் குஞ்சுக்கு ஏன் இவ்வளவு?" நல்ல கேள்விதான். ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அது தொல்லை தருகிற பிராணிகளைப் பற்றியது. எல்லாக் காகத்தையும் அது குறிக்காது என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் பிரித்துப் பேசியிருக்கிறார்கள். தொல்லையை நீக்க ஓர் அனுமதி இருப்பதால், இறக்கை முளைக்காத ஒன்றைத் தெருவில் பூனைக்கு விட்டு வேடிக்கை பார்க்க அனுமதி வந்துவிடாது. ஆதமுடைய மகனுக்குத் தன் சகோதரனின் உடலை எப்படி அடக்குவது என்று காட்டிக்கொடுக்க அல்லாஹ் அனுப்பியது ஒரு காகத்தைத்தான். அல்மாயிதா அத்தியாயத்தில் ஓதுகிறோம். மனிதன் முதல் கொலையைச் செய்துவிட்டுத் திகைத்து நின்றபோது பாடம் எடுத்த பறவை அது.

அந்தக் கூட்டில் இருப்பது காகக் குஞ்சுதானா என்பதும் நிச்சயமில்லை! குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. இதே கோடையில்தான் இரண்டும் முட்டையிடும் காலம். காகம் அதை அடைகாக்கிறது, பொரிக்கிறது, ஊட்டுகிறது. கூட்டை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் குயில் குஞ்சு கத்திக் கேட்க, காகம் ஓடி ஓடிக் கொடுப்பதை நம் வேப்ப மரத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே கிடப்பது குயில் குஞ்சு, பக்கத்தில் காகம் நிற்கிறது, கொத்த வந்திருக்கிறது என்று அவசரப்பட்டு விரட்டாதீர்கள். அது வளர்ப்புத் தாயாக இருக்கலாம்.

சரி, எடுத்த குஞ்சை வீட்டில் வளர்த்தால் என்ன? அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், சின்னப் பையன், ஒரு குருவி வைத்திருந்தார். அது செத்துப்போய் அவர் சோர்ந்திருந்தபோது நபியவர்கள் அவரிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சி ஒன்றிலிருந்து மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட சட்டங்களையும் பலன்களையும் எடுத்து எழுதினார் இப்னுல் காஸ் என்ற ஷாஃபிஈ அறிஞர். முறையாகத் தீனி கொடுத்துப் பறவை வளர்க்கலாம் என்பது அதில் ஒன்று. ஹும்மரா ஹதீஸுக்கு இது முரண் அல்ல. வளர்ப்பது ஒன்று, தாயின் கண்முன்னே பிள்ளையைப் பறிப்பது இன்னொன்று. தவிர, நாம் வாழும் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கிளி, மைனா போன்ற நம் மண்ணின் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். பச்சைக்கிளியை எங்கள் வீட்டில் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று ஒருமுறை யோசிக்கலாம்.

பம்பாயில் 1896இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சாலிம் அலியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறு வயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது வழக்கமான குருவி இல்லையே, இதைச் சாப்பிடலாமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மாமாவிடம் கொண்டுபோனார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே ஆரம்பித்த படிப்பு, இந்தியப் பறவைகளைப் பற்றி எதைக் கேட்டாலும் அவரைத்தான் கேட்க வேண்டும் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது. இது ஆகுமா, ஆகாதா என்ற ஒரு பையனின் மஸ்அலா கேள்வி! அவருக்குப் பத்து வயதில் வந்த சந்தேகம் எனக்கு இந்த வயதில், தாடி நரைத்த பிறகும் வரவில்லை.

இனி, இதில் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். மக்தப் பையன் என்னிடம் கேட்டான்: "விட்டுவிட்டு வந்தால் பூனை பிடித்துவிட்டால்?" பிடிக்கலாம். அவனிடம் நான் பொய் சொல்லவில்லை. கூட்டை விட்டு இறங்குகிற குஞ்சுகளில் நிறையவே தப்புவதில்லை. பூனை, வல்லூறு, காகம் இருக்கின்றன. அவற்றுக்கும் ரிஸ்க் எழுதப்பட்டிருக்கிறது. நாம் விலகி நின்று, அது செத்துப்போனால், மனது நம்மைக் குத்தும். எடுத்து வைத்து, அது செத்துப்போனால், முயற்சி செய்தோம் என்ற ஆறுதல் இருக்கும். இங்கேதான் நாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆறுதல் நமக்கு. பறவைக்கு அதில் எதுவும் இல்லை. தாய் வளர்ப்பில் அதற்கு இருக்கும் வாய்ப்பு, என் அட்டைப் பெட்டியில் இருந்த வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. செடிமேல் எடுத்து வைப்பது, நம் வீட்டுப் பூனையை இரண்டு நாள் உள்ளே அடைப்பது, நாயை விரட்டுவது எல்லாம் கயிறு கட்டுவது. அதற்குப் பிறகு அங்கே நமக்கு வேலை இல்லை. ரஸ்ஸாக் நாமல்ல. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தொழுகையில் கை கட்டி நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது, அல்லாஹ் மன்னிப்பானாக.

கடைசியாக, குஞ்சு விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. மிஸ்ரை வென்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் பாசறையை விட்டு அலெக்ஸாந்திரியாவுக்குக் கிளம்பும்போது, அவர்களுடைய கூடாரத்தில் ஒரு புறா கூடு கட்டியிருந்ததாம். கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்த இடத்தில் எழுந்த ஊருக்குக் கூடாரம் என்ற பொருளில் ஃபுஸ்தாத் என்றே பெயர் நிலைத்ததாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு படைத் தளபதிக்கு ஒரு கூடாரத்தை விட்டுப் போக முடிந்தது. நம் ஏசி பெட்டிக்குப் பின்னால் இருக்கும் புறாக் கூட்டுக்கு நாம் எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள், குஞ்சு பறக்க நான்கைந்து வாரம். மொத்தம் ஒன்றரை மாதம். அசுத்தம் உண்மைதான், அதற்குப் பிறகு வலை போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. மரக்கிளை வெட்டுவதும் அப்படித்தான். ஒயரில் உரசுகிறது, குப்பை விழுகிறது என்று நாம் கிளை வெட்ட ஆள் கூப்பிடுவது சரியாகச் சித்திரையிலும் வைகாசியிலும்தான். மேலே கூடு இருக்கிறதா என்று யார் பார்க்கிறோம்?

நம் பள்ளிவாசல் வேப்ப மரத்தின் கிளையை இந்த மாதம் வெட்டுவதாக இருந்தது. மேலே இரண்டு கூடு இருப்பதை மக்தப் பிள்ளைகள் காட்டினார்கள். நிர்வாகத்தினரிடம் பேசினேன், ஆடி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். போன வருடம் தொப்பியில் கொண்டு வந்த அதே பையன்தான் இப்போது அஸருக்குப் பிறகு மரத்தடியில் காவல் நிற்கிறான், யாரும் கிட்டே போகக் கூடாதாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான்.

பள்ளிவாசலில் பன்னிரண்டு அடி ஏணி ஒன்று இருக்கிறது. கூட்டில் குஞ்சைத் திருப்பி வைக்க யாருக்காவது தேவைப்பட்டால் மோதினாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். வஸ்ஸலாம்.